பெரியம்மைத் தடுப்பூசி: முதல் குத்திலும் மறு குத்திலும் பெரியவர்களின் உடல் தரும் பதிலைக் கணிப்பது எப்படி?

இதுவரை அம்மை குத்திக்கொள்ளாத ஒருவருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டால், ஒரு வாரத்தில் அந்த இடத்தில் கொப்புளம் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் ஊசி பிடிக்கவில்லை. இதில் குழப்பமே கிடையாது. குழப்பமெல்லாம் மறு குத்தில்தான். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் குத்திக்கொண்டவரின் கையில் ஒரு வாரம் கழித்து லேசான சிவப்பு மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எதிர்ப்பாற்றல் வைரஸை வளரவே விடாமல் அடக்கியிருக்கலாம். அல்லது குப்பியிலிருந்த வைரஸ் செத்துப்போயிருக்கலாம், ஊசி தோலில் சரியாக இறங்காமலும் இருந்திருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பொருளோ நேரெதிர்: ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறார், மற்றவர் இல்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய, போடும்போதே கை சுத்தமாக வேலை செய்திருக்க வேண்டும். பார்க்க வேண்டிய நாளில் பார்த்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒப்பிடுவதற்கு ஊசிக்கு முன் எடுத்த ரத்தமும் கையில் இருக்க வேண்டும்.

பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார மாநாடு 1980 மே 8 அன்று அறிவித்தது. அதன் பிறகும் இந்த ஊசி சிலருக்குத் தேவைப்படுகிறது. வேக்சினியா (பெரியம்மை ஊசியில் இருக்கும் வைரஸ்), குரங்கம்மை போன்ற, பெரியம்மை வைரஸின் இனத்தைச் சேர்ந்த ஆர்த்தோபாக்ஸ் வைரஸ்களை ஆய்வகத்தில் கையாள்பவர்கள், அமெரிக்க ராணுவத்தில் ஒரு பகுதியினர், நோய் திரும்பினால் முதலில் இறங்க வேண்டிய மருத்துவக் குழுவினர், குரங்கம்மை ஆபத்தில் இருப்பவர்கள் ஆகியோர் அவர்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஊசிகள் இரண்டு. உயிருள்ள வேக்சினியா வைரஸ் கொண்ட ஏகேம் 2000 (2007), மனித உடலில் பெருகாத எம்விஏ வைரஸ் கொண்ட ஜின்னியோஸ் (2019). கீழே உள்ள அளவுகளும் நாள்கணக்கும் பெரும்பாலும் அந்த நாட்டு நடைமுறை. பழைய புள்ளிவிவரங்களில் சில டிரைவாக்ஸ் என்ற முந்தைய ஊசியைச் சேர்ந்தவை. கன்றுத் தோலில் வளர்த்த அந்த வைரஸிலிருந்துதான் ஏகேம் 2000 செல் வளர்ப்பில் உருவாக்கப்பட்டது.

முதல் குத்தா, மறு குத்தா?

இந்தக் கேள்விக்குத் தவறான பதில் கிடைத்தால் பின்னால் எல்லாமே தவறும். "சின்ன வயதில் குத்தினார்கள்" என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பிறந்த ஆண்டைக் கேளுங்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வழக்கமான குத்தல் 1972இல் நின்றது, இந்தியாவில் 1970களின் இறுதியில். அதற்குப் பின் பிறந்து, ராணுவத்திலோ பாக்ஸ் ஆய்வகத்திலோ பணியாற்றாதவர் என்றால் அவருக்கு இது முதல் குத்து.

பிறகு தழும்பைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு: தோள்பட்டையில் இருக்கும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைக் காட்டி "அம்மை குத்தினது" என்பார்கள். பிசிஜி தழும்பு பொதுவாகச் சிறியது, வழவழப்பானது, சில சமயம் மேடாக இருக்கும். அம்மைத் தழும்பு பெரும்பாலும் அகலமாகக் குழிந்திருக்கும். அடியில் குண்டூசி குத்தியது போன்ற பொடிப்பள்ளங்கள் தெரியும், ஓரத்தை நோக்கிக் கோடுகள் ஓடும். நுனி பிளந்த கவை ஊசி வருவதற்கு முன் இந்தியாவில் சுழல் லான்செட் என்ற கருவியால் தோலைத் திருகிக் குத்தினார்கள். அதனால் முதியவர்களின் முன்கையிலோ மேல்கையிலோ வட்டமான பெரிய தழும்புகள் ஒன்றுக்கு மேல் இருப்பது சாதாரணம். சென்னை மாகாணத்தில் அதற்கான அம்மைப்பால் (ஊசி மருந்து) கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரானது.

தழும்பு இருப்பது ஒரு காலத்தில் ஊசி பிடித்தது என்பதற்குச் சான்று. இன்றைக்கும் எதிர்ப்பாற்றல் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது.

குத்தக் கூடாதவர்கள்

உயிருள்ள ஊசி என்பதால், போட்டுக்கொள்பவரோடு அவர் வீட்டாரையும் விசாரிக்க வேண்டும். எக்ஸிமா என்ற தோல் அழற்சி (இப்போது இருந்தாலும் முன்பு இருந்தாலும்), எதிர்ப்பாற்றல் குறைவு, அதைக் குறைக்கும் மருந்துகள், கர்ப்பம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று அவருக்கோ வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், நோய் எதிரில் நிற்காத காலத்தில் ஏகேம் 2000 வேண்டாம். வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலும் அப்படியே. இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம், நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தவர்கள், ஸ்டீராய்டு கண் சொட்டு போடுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கும் கூடாது. இவர்களில் பலருக்கு எம்விஏ ஊசி மாற்றாக இருக்கிறது.

குத்தும் முறை

ஏகேம் 2000 குப்பி மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் உறைநிலையில் இருக்கும். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, கூடவே தரப்படும் கரைப்பு நீர்மத்தில் 0.3 மி.லி. மட்டும் சேர்க்க வேண்டும். மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள். குலுக்கினால் நுரைக்கும். ஒரு குப்பி சுமார் 100 பேருக்குப் போதும். கரைத்ததை அறை வெப்பத்தில் 6 முதல் 8 மணி நேரம் வரை வைத்துப் போடலாம். மீந்ததை 2 முதல் 8 டிகிரியில் 30 நாள் வரை வைக்கலாம். கரைத்த தேதியையும் நேரத்தையும் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். மறு குத்தில் எதிர்வினை வராதபோது முதலில் தேடப்போவது இந்தக் குறிப்பைத்தான்.

இடம் மேல்கை, டெல்டாய்ட் தசை கைத்தண்டில் சேரும் பகுதி. ஸ்பிரிட் தடவாதீர்கள். ஸ்பிரிட் வைரஸைக் கொன்றுவிடும். பஞ்சின் ஈரம் தோலில் இருக்கும்போது குத்தினால், செத்த வைரஸைத்தான் உள்ளே அனுப்புகிறீர்கள். தோல் அழுக்காக இருந்தால் சோப்பும் தண்ணீரும் போதும். ஸ்பிரிட்டே வேண்டியிருந்தால் முற்றிலும் காயும்வரை காத்திருக்க வேண்டும்.

கவை ஊசியின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். 1960களில் வைத் நிறுவனத்தில் பெஞ்சமின் ரூபின் வடிவமைத்தது இது. குப்பியில் ஒரு முறை நனைத்தால் இரு முனைகளுக்கும் இடையில் 0.0025 மி.லி. துளி தங்கும். அந்தச் சின்னத் துளிக்குள் 2.5 லட்சம் முதல் 12.5 லட்சம் வரை தொற்றும் வைரஸ் துகள்கள் இருக்கும். தோலை இழுத்துப் பிடித்து, மணிக்கட்டை அவர் கைமேல் ஊன்றி, ஊசியைச் செங்குத்தாக வைத்து 15 முறை வேகமாகக் குத்துங்கள். பதினைந்தும் 5 மி.மீ. அகல வட்டத்துக்குள் விழ வேண்டும். 15 முதல் 20 விநாடிக்குள் ரத்தம் துளிர்த்தால் ஆழம் சரி. வழிந்து ஓடினால் அதிகம். வைரஸை ரத்தமே கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு முறை தோலைத் தொட்ட ஊசியை மறுபடி குப்பியில் நனைக்கவே கூடாது.

டிரைவாக்ஸ் காலத்தில் அமெரிக்காவில் முதல் குத்துக்கு 2 அல்லது 3, மறு குத்துக்கு 15 என்ற கணக்கு இருந்தது. ஒழிப்பு இயக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் 15 என்றே வைத்தது. ஏகேம் 2000இலும் முதல் குத்து, மறு குத்து இரண்டுக்கும் 15தான். மறு குத்தில் அதிகம் குத்துவதற்குக் காரணம் உண்டு. எதிர்ப்பாற்றல் மீந்திருக்கும் தோலில் வைரஸ் ஊன்ற வேண்டுமானால் கூடுதல் அளவு தேவை. பழைய குத்துக்காரர்களிடம் டிரைவாக்ஸை நீர்த்துச் சோதித்த அமெரிக்க ஆய்வில் (2003) இது தெளிவாகத் தெரிந்தது. நீர்க்காத ஊசி 95 சதவீதம் பேருக்குப் பிடித்தது. 32 மடங்கு நீர்த்தபோது சுமார் பாதிப் பேருக்குத்தான் பிடித்தது. ஆனால் முதல் முறை குத்திக்கொண்டவர்களிடம் 10 மடங்கு நீர்த்தும் 97 சதவீதம் பிடித்ததை முந்தைய ஆண்டு ஆய்வு காட்டியிருந்தது.

மீந்த துளியை உலர்ந்த காஸ் துணியால் ஒற்றி எடுத்து, தொற்றுக் கழிவில் போடுங்கள். இடத்தைக் காஸ் வைத்து லேசாக மூடி பிளாஸ்திரி ஒட்டுங்கள். நோயாளிகளைத் தொடுபவர் என்றால் அதன்மேல் காற்றுப் புகும் மெல்லிய படலமும் வேண்டும். காஸ் வைக்காமல் படலத்தை மட்டும் நேராக ஒட்டினால் அடியில் ஈரம் தேங்கித் தோல் ஊறிப்போகும்.

முதல் குத்தில் நாள்வாரியாக

முதல் இரண்டு நாள் எதுவும் தெரியாது. ஊசித் தடம் மட்டும் இருக்கும். இந்த அமைதிக்குக் காரணம் வைரஸின் தந்திரம். தோலின் மேலடுக்குச் செல்களில் பெருகத் தொடங்கும் வேக்சினியா, தொற்றிய செல்கள் எச்சரிக்கையாக விடும் இன்டர்ஃபெரான் புரதத்தைப் பிடித்து வைக்கும் போலி ஏற்பிகளை வெளியே விடுகிறது. அபாயச் செய்தி பரவுவது அதனால் தாமதமாகிறது.

3 முதல் 5 நாளில் சிவந்த பரு, 5 முதல் 8 நாளில் நடுவில் குழிந்த நீர்க்கொப்புளம், 8 முதல் 10 நாளில் சீழ்க்கொப்புளம் உச்சம். பிறகு நடுவிலிருந்து காய்ந்து பொருக்கு கட்டி, 14 முதல் 21 நாளுக்குள் உதிரும். தழும்பு நிற்கும்.

உள்ளே நடப்பதோடு இந்த நாள்களைச் சேர்த்துப் பாருங்கள். தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் வைரஸ் துணுக்குகளை அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே இந்த வைரஸை அடையாளம் காணக்கூடிய டி செல்களும் (தொற்றிய செல்களை அழிப்பவை) பி செல்களும் (எதிர்ப்பொருள் தருபவை) ஆரம்பத்தில் மிகச் சொற்பம். அவை பெருகிப் படையாக ஒரு வாரம் ஆகிறது. அதனால்தான் 7 முதல் 10 நாளில் அக்குளில் நெறி கட்டுகிறது, காய்ச்சல், உடல்வலி, தலைவலி வருகிறது, புண்ணைச் சுற்றிச் சிவப்பும் தடிப்பும் விரிகிறது. இந்தச் சிவப்பில் பெரும்பங்கு வைரஸின் வேலை அல்ல. டி செல்கள் புண்ணுக்குள் இறங்கித் தொற்றிய செல்களை அழிக்கும் வேலை அது. டி செல் எதிர்ப்பாற்றலே இல்லாதவருக்குப் புண் சிவக்காமல் பரவிக்கொண்டே போகும். படரும் வேக்சினியா என்ற அந்த நிலை உயிரையே கொல்லும். குத்தி இரண்டு வாரம் கடந்தும், சுற்றிலும் வீக்கம் இல்லாமல் புண் மட்டும் பெரிதாகிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் 10 முதல் 14 நாளில் ரத்தத்தில் அளக்கும் அளவுக்கு வருகிறது. முதலில் ஐஜிஎம் என்ற வகை, பின்னாலேயே ஐஜிஜி என்ற வகை. தொற்றிய செல்களை அழிக்கும் சிடி8 வகை டி செல்கள் 2 முதல் 4 வாரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு சுருங்குகின்றன. வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு பி செல்களும் முதலில் உயர்ந்து, சில ஆண்டுகளில் இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கின்றன. ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த மட்டம் நிற்பதைப் பழைய குத்துக்காரர்களின் ரத்தத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இதயச்சுற்று அழற்சியும் இதயத்தசை அழற்சியும் வருவது இதே காலத்தில்தான், பெரும்பாலும் 7 முதல் 19 நாளுக்குள். 2002-03இல் அமெரிக்க ராணுவத்தில் முதல் குத்துப் பெற்ற 2,30,734 பேரில் 18 பேருக்கு வந்தது. மறு குத்துப் பெற்ற 95,622 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஏகேம் 2000 ஆய்வுகளிலோ முதல் குத்துக்காரர்களில் 1,000 பேருக்குச் சுமார் 5.7 என்று கணக்கு வந்தது. வேறுபாடு ஏன் இவ்வளவு? ராணுவத்தில் நோயாளி தானாக வந்து சொன்னதை எண்ணினார்கள். ஆய்வில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் இசிஜியும், இதயத்தசைப் பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தச் சோதனையும் எடுத்துத் தேடினார்கள். முதல் குத்துப் போட்டவருக்கு இரண்டாம் வாரத்தில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் "ஊசிக் காய்ச்சல்தான்" என்று அனுப்பிவிடாதீர்கள்.

மறு குத்தில் என்ன மாறுகிறது

வரிசை அதேதான், வேகம் கூடுகிறது, அளவு குறைகிறது. பரு ஓரிரு நாள் முன்னதாகவே வரும், கொப்புளம் சிறியதாக நிற்கும், உச்சம் ஒரு வாரத்தை ஒட்டி வந்து பொருக்கும் சீக்கிரம் உதிரும். காய்ச்சலும் நெறிகட்டுதலும் குறைவு, வைரஸ் வெளியேறும் நாள்களும் குறைவு. நினைவு டி செல்கள் உடனே விழித்துக்கொள்கின்றன. நினைவு பி செல்கள் ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களாக மாறி ரத்தத்தில் தென்படுகின்றன. முதல் குத்தில் இரண்டு வாரம் எடுத்த உயர்வு இங்கே 7 நாளில் வந்துவிடும்.

எவ்வளவு உயரும் என்பது எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. குறைந்த எதிர்ப்பொருளோடு வருபவருக்குப் பலமடங்கு ஏறும். ஏற்கெனவே நிறைய இருப்பவருக்குக் கொஞ்சம்தான் ஏறும். இருக்கும் எதிர்ப்பொருள் வைரஸைப் பெருக விடாததால் எதிர்ப்பு மண்டலத்துக்குக் கிடைக்கும் தூண்டுதலும் குறைவு. "மறு குத்தில் எதிர்ப்பொருள் ஏறவில்லை, ஆகவே ஊசி வீண்" என்று முடிவுகட்டும் முன் தொடக்க அளவைப் பாருங்கள்.

குத்திய 24 முதல் 72 மணிக்குள் வரும் அரிப்போடு கூடிய சிவப்பையும், சின்னப் பருவையும்தான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முன்பு இதற்கு "எதிர்ப்பாற்றல் எதிர்வினை" என்றே பெயர் வைத்து, "இவர் பாதுகாப்பாக இருக்கிறார்" என்று அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வைரஸ் புரதத்துக்கு ஏற்கெனவே பழகிய உடலில் வெப்பத்தால் கொன்ற ஊசி போட்டாலும் இதே சிவப்பு வரும். அது பழைய தோல் ஒவ்வாமை மட்டுமே. வைரஸ் பெருகியதற்கோ பாதுகாப்புக்கோ அது சான்றாகாது. 1964இல் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை நிபுணர் குழு பழைய பெயர்களைக் கைவிட்டு இரண்டே பிரிவுகளை வைத்தது: பெரும் எதிர்வினை, தெளிவற்ற எதிர்வினை. இன்றும் அதுதான் நடைமுறை.

6 முதல் 8ஆம் நாளில் கையைப் பார்ப்பது

இந்த மூன்று நாளுக்குள் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் மேலே சொன்ன ஒவ்வாமைச் சிவப்பை "பிடித்துவிட்டது" என்று எழுதுவீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தென்றால், மறு குத்தில் வேகமாக வந்து காய்ந்த கொப்புளத்தைத் தவறவிட்டு "பிடிக்கவில்லை" என்பீர்கள். முதல் குத்தில் ஒரு நாள் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், மறு குத்தில் முடியாது.

நீர்க்கொப்புளம் அல்லது சீழ்க்கொப்புளம் இருந்தால், அல்லது நடுவே பொருக்கோ புண்ணோ இருந்து அதைச் சுற்றித் தொட்டால் கெட்டியாகத் தெரியும் தடிப்போ திட்டமான சிவப்போ இருந்தால், பெரும் எதிர்வினை. வேறு எதுவானாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், தெளிவற்றது. கண்ணால் மட்டும் பார்க்காமல் கையுறையோடு விரலால் தொட்டுப் பாருங்கள். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது, தடிப்பு விரலுக்குத் தெரியும். சிவப்பு, தடிப்பு இரண்டின் விட்டத்தையும் மி.மீ. கணக்கில் அளந்து, அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள்.

முதல் குத்தில் தெளிவற்ற எதிர்வினை என்றால் ஊசி பிடிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஸ்பிரிட், குப்பி வைத்த வெப்பம், கரைத்த தேதி, குத்தின் ஆழம் எல்லாவற்றையும் சரிபார்த்து, வேறு தொகுதிக் குப்பி கிடைத்தால் அதிலிருந்து மறுபடி குத்துங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் மூன்றாவது முறைக்குப் போகாமல் நோய் எதிர்ப்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். "எனக்கு முதல் குத்து" என்று சொன்ன பலர் ராணுவத்திலோ பள்ளியிலோ குத்திக்கொண்டு மறந்தவர்களாக இருப்பதும் உண்டு.

மறு குத்தில் விதி வேறு. முன்பு குத்திக்கொண்டவருக்குத் தோலில் எதிர்வினை வராவிட்டால் அது தோல்வி என்று அர்த்தமில்லை, கொப்புளம் வரவழைப்பதற்காகவே மறுபடி குத்தத் தேவையில்லை என்று ஏகேம் 2000 மருந்துக் குறிப்பே சொல்கிறது. ஆய்வில் முதல் குத்துக்காரர்களில் 96 சதவீதம் பேருக்குப் பிடித்தது. பழைய குத்துக்காரர்களில் 84 சதவீதம் பேருக்குத்தான் தோலில் தெரிந்தது. ஆனாலும் எதிர்ப்பொருள் சராசரி பழையவர்களிடம்தான் அதிகம். ஆனால் இந்த விதி நல்ல குப்பிக்கும் சரியான குத்துக்கும்தான் பொருந்தும். ஒரே குப்பியிலிருந்து அதே நாள் போட்ட முதல் குத்துக்காரர்களைப் பாருங்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தால் குப்பியில் குறையில்லை. அன்று எல்லாருமே மறு குத்துக்காரர்கள், எல்லாருக்கும் தெளிவற்றது என்றால் குப்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு தடுமாற்றம். முதல் குத்துப் போட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு 8 முதல் 10 நாளில் சிவப்பு 7.5 செ.மீ.க்கு மேல் விரியும். சூடாக, வலியோடு, கை முழுதும் வீங்கியது போல இருக்கும். பார்த்தவுடன் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுகிறார்கள். இது வெறும் வீரியமான எதிர்வினை. ஓரங்களைப் பேனாவால் கோடிட்டு, கையை உயர்த்தி வைக்கச் சொல்லி, வலிமருந்து கொடுத்து மறுநாள் பாருங்கள். 24 முதல் 72 மணியில் தானே பின்வாங்கும். உண்மையான பாக்டீரியாத் தொற்று பெரும்பாலும் முதல் 5 நாளுக்குள் வரும், அல்லது ஒரு மாதம் கழித்து வரும்.

புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடுவதுதான் அடிக்கடி நேரும் விபத்து. 1968இல் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் எடுத்த கணக்கில், இப்படி உடலின் வேறிடத்துக்கு வைரஸ் போனது முதல் குத்தில் 10 லட்சத்துக்கு 529, மறு குத்தில் 42. பொருக்கு உதிரும்வரை முழுக்கை சட்டை, தனித் துண்டு, ஒன்று முதல் மூன்று நாளுக்கு ஒருமுறை காஸ் மாற்றுதல், மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். உதிர்ந்த பொருக்கைக்கூடப் பையில் போட்டுக் கட்டித்தான் எறிய வேண்டும். அதிலும் வைரஸ் இருக்கும்.

ரத்தத்தில் அளப்பது

ஊசிக்கு முந்தைய ரத்தம் இல்லாமல் மறு குத்தின் பதிலை அளக்கவே முடியாது. பூச்சிய நாளில், அதாவது ஊசி போடும் நாளில் போடுவதற்கு முன், 5 மி.லி. எடுத்து சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) பிரித்து உறைய வையுங்கள். பிறகு 7, 14, 28ஆம் நாள்களில் எடுத்தால் முதல் குத்துக்கும் மறு குத்துக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும்: 7ஆம் நாளில் ஏறியிருந்தால் பழைய நினைவு வேலை செய்திருக்கிறது. 28ஆம் நாள் மட்டும் எடுத்தால் இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

முடக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனைக்குப் பிஆர்என்டி என்று பெயர். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, இரட்டித்து இரட்டித்து நீர்த்து, அறிந்த அளவு வேக்சினியாவோடு கலந்து, செல் படலத்தின் மேல் ஊற்றி, இரண்டு நாள் கழித்துச் சாயமிட்டு வைரஸ் அரித்த ஓட்டைகளை எண்ணுவார்கள். ஓட்டைகளைப் பாதியாகக் குறைத்த கடைசி நீர்ப்புதான் அளவு. நான்கு மடங்கு ஏறினால் பதில் உண்டு என்று கொள்வது வழக்கம். ஒருவரின் எல்லா நாள் மாதிரிகளையும் ஒரே தட்டில், ஒரே நாளில் சோதியுங்கள். வேறு வேறு நாளில் செய்தால், சோதனையின் ஏற்ற இறக்கமே இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டிவிடும்.

இதில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. வேக்சினியா இரண்டு உருவங்களில் உலவுகிறது. செல் வெடித்து வெளிவரும் முதிர்ந்த துகள் ஒன்று, கூடுதல் உறை போர்த்து உடலுக்குள் பரவும் துகள் மற்றொன்று. ஆய்வகத்தில் செல்களை உடைத்து எடுக்கும் வைரஸ் பெரும்பாலும் முதல் வகை. ஆகவே சாதாரண பிஆர்என்டி எல்1, எச்3, ஏ27 போன்ற புரதங்களுக்கு எதிரானவற்றைத்தான் காட்டும். உறைத் துகளின் பி5, ஏ33 புரதங்களுக்கு எதிரானவற்றைத் தனியாக எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனையில் பார்க்க வேண்டும். பி5 எதிர்ப்பொருள் நன்றாக வேலை செய்ய சீரத்தில் உள்ள, எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் தேவை. 56 டிகிரியில் சூடாக்கியதில் அவை செயலிழந்திருக்கும்.

எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு? நோய் உலவிய காலத்தில் நோயாளியோடு வாழ்ந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பாகிஸ்தானில் 1:32 (அதாவது 32 மடங்கு நீர்த்தும் முடக்கும் அளவு), கல்கத்தாவில் 1:20 என்ற அளவுக்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் நோய் அதிகம் வந்தது. அந்தக் காலச் சோதனை முறையில் கிடைத்த எண்களை இன்றைய அறிக்கையின் மேல் அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. எதிர்ப்பொருள் தனியாகவே பயன் தரும் என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று உண்டு. 1961இல் வெளியான ஆய்வில் பெரியம்மை நோயாளிகளின் வீட்டாருக்கு அம்மை குத்தியதோடு, ஒரு பகுதியினருக்கு வேக்சினியா எதிர்ப்பொருள் செறிந்த காமா குளோபுலினும் கொடுத்தார்கள். அதைப் பெற்ற 326 பேரில் 5 பேருக்கும், பெறாத 379 பேரில் 21 பேருக்கும் நோய் வந்தது.

எம்விஏ ஊசி போட்டவர்களுக்கு

இதில் கையைப் பார்த்துக் கணிக்க எதுவும் கிடையாது. வைரஸ் பெருகாது, கொப்புளம் வராது, தழும்பும் இல்லை. 0.5 மி.லி. தோலுக்கடியில், 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. புண் இல்லையே என்று தவிப்பவர்களுக்குத் தென்கொரியாவில் அமெரிக்கப் படையினரிடம் செய்த ஆய்வைச் சொல்லலாம். முதல் தவணைக்கு இரண்டு வாரம் கழித்து எம்விஏ தந்த எதிர்ப்பொருளும் ஏகேம் 2000 தந்ததும் சமமாகவே இருந்தன. இரண்டு தவணையும் முடித்தவர்களின் உச்சம் ஏகேம் 2000இன் உச்சத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பிறகு அவர்களுக்கு ஏகேம் 2000 குத்தியபோது பெரும்பாலோர் கையில் புண்ணே எழவில்லை.

ஆனால் எம்விஏ தரும் எதிர்ப்பொருள் இரண்டாண்டில் தாழ இறங்கிவிடும். நினைவு செல்கள் தங்குகின்றன: இரண்டாண்டு கழித்து ஒரு தவணை போட்டால் ஒரு வாரத்திலேயே சரசரவென்று ஏறும். சிறுவயதில் அம்மை குத்தியவர்களுக்கு எம்விஏவின் ஒரு தவணையே மறு குத்துப்போல வேலை செய்கிறது. ஐரோப்பிய உரிமம் அவர்களுக்கு ஒரே தவணை போதும் என்கிறது. அமெரிக்க நடைமுறையிலோ அவர்களுக்கும் இரண்டுதான்.

எத்தனை ஆண்டுக்கொருமுறை

ஓரிகான் ஆய்வாளர்கள் 2003இல் காட்டியபடி, குத்திய 75 ஆண்டு வரையிலும் எதிர்ப்பொருள் ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. டி செல்கள் மட்டும் 8 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றன. அப்படியானால் பழைய குத்தே போதாதா என்று கேட்பார்கள். 1950 முதல் 1971 வரை ஐரோப்பாவுக்குள் வந்த பெரியம்மையின் கணக்கில் பதில் இருக்கிறது: குத்தியே இராதவர்களில் இறந்தவர்கள் 52 சதவீதம், 20 ஆண்டுக்கும் முன்பே குத்தியவர்களில் 11 சதவீதம், 10 ஆண்டுக்குள் குத்தியவர்களில் 1.4 சதவீதம். பழைய குத்து உயிரைக் காக்க நிறைய உதவும். தொற்றே வராமல் தடுக்கும் என்று நம்பி அதை வைத்து ஆய்வகத்துக்குள் போக முடியாது.

ஆகவே வீரியமான ஆர்த்தோபாக்ஸ் வைரஸைக் கையாள்பவர்களுக்கு ஏகேம் 2000 என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை, எம்விஏ என்றால் 2 ஆண்டுக்கு ஒருமுறை. வேக்சினியா, மாட்டம்மை போன்ற வீரியம் குறைந்தவற்றுக்கு எந்த ஊசியானாலும் 10 ஆண்டு. தொற்று நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் நாள்கணக்கு பார்க்காமல் முடிந்தவரை 4 நாளுக்குள் ஊசி. பெரியம்மை வெளிப்படச் சராசரி 12 நாள் ஆகும். ஒரு வாரத்தில் பதில் தரும் பழைய குத்துக்காரருக்கு அந்தப் பந்தயத்தில் நேரம் தாராளம். முதல் குத்துக்காரருக்கோ ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பு, ஆகவே வரிசையில் அவரை முன்னால் நிறுத்துங்கள்.

அட்டையில் எழுத வேண்டியவை: ஊசியின் பெயர், தொகுதி எண், கரைத்த தேதி, முதல் குத்தா மறு குத்தா, அப்படிச் சொல்ல ஆதாரம் என்ன (தழும்பா, பழைய அட்டையா, வாய்ப்பேச்சா), பார்த்த நாள் எத்தனையாவது, எதிர்வினை பெரும் வகையா தெளிவற்றதா, மி.மீ. அளவு. "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதிய அட்டை அடுத்த மறு குத்துக்கு வரும்போது ஒன்றுக்கும் உதவாது.